கொடைக்கானலுக்கு ஒரு ஒத்திகை

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் நின்றுபோய் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நிறுத்தியது நாங்கள்.

மே மாதம், சாயங்காலம் ஐந்து மணி. கடற்கரையிலிருந்து பஸ் நிலையம் போகும் தெரு. இரண்டு பக்கமும் சிற்பக் கடைகள். பிள்ளையாருக்குத் தும்பிக்கை கொத்திக்கொண்டிருந்தவர், புத்தருக்குக் காது கொத்திக்கொண்டிருந்தவர் என்று ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

முன்னால் நான். ஈரமான பேன்ட், அதற்கு மேல் கருநீலக் கம்பளி ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. எனக்குப் பின்னால் என் மனைவி எஸ்தர். நனைந்த புடவைக்கு மேல் தடித்த சால்வை. அவளுக்குப் பின்னால் பத்து வயது மகன் டேவிட். இடுப்பில் போர்வை, மேலே ஸ்வெட்டர், கையில் ஒரு நோட்டு. கடைசியாக ஏழு வயது ரூபி. அவள் போட்டிருந்தது மாடி வீட்டு சாரின் ஸ்வெட்டர். அது அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. நான்கு பேர் மேலும் பாச்சை உருண்டை வாசனை.

ஒரு சிற்பி கேட்டேவிட்டார். "இன்னா சார், வூட்ல எல்லார்க்கும் ஜொரமா?"

"இல்ல அண்ணாத்த. கொடைக்கானல் வந்துகீறோம்" என்றேன்.

அவர் உளியைக் கீழே வைத்தார். கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "அது இந்தப் பக்கம் இல்ல சார்" என்றார், மிகுந்த இரக்கத்தோடு.

கடற்கரைக் கோயிலைப் படம் எடுக்கப் போன வெள்ளைக்காரர் ஒருவர், கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எங்களை எடுத்தார். ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு ஆல்பத்தில் நாங்கள் இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

உபயோகமாக எழுதச் சொன்னார்கள்

இந்த வாரம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன். "கோடை விடுமுறை வருது. குழந்தைங்களோட, சிக்கனமா, சந்தோஷமா எங்க போகலாம்னு நாலு யோசனை சொல்லுங்க. போன வாரம் குவார்ட்டர்ஸ் தண்ணிக் குழாய்ச் சண்டையை எழுதினீங்களே, அந்த மாதிரி வேண்டாம். உபயோகமா இருக்கட்டும்."

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு எஸ்தரும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆகவே உபயோகமாகவே எழுதுகிறேன். முதல் யோசனை: ரயில் ஏறும் உத்தேசம் இல்லையென்றால், பெட்டியோடு ரயில் வாசல் பக்கம் போகாதீர்கள். மற்ற மூன்றும் போகப் போக வரும். வராமலும் போகலாம்.

அப்போது நான் கல்பாக்கத்தில், ஒரு ஆராய்ச்சி மையத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். எங்கள் மாடிப்படியில் நெல்லை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் எல்லாம் ஏறி இறங்கும். மே மாதம் வந்தால் படிக்கட்டு காலி. ஆளுக்கொரு மலைக்குப் போய்விடுவார்கள். ஜூனில் திரும்பி வந்து வீட்டுக்கு வீடு வர்க்கியும் தைல பாட்டிலும் கொடுப்பார்கள். நாங்கள் வாங்குகிற வீடு. ஒரு வருஷம்கூடக் கொடுக்கிற வீடாக இருந்ததில்லை. எங்கள் அலமாரியில் தைல பாட்டில் மட்டும் ஆறு சேர்ந்திருந்தது.

"நம்ம எப்பப்பா டூர் போவோம்?" என்று ரூபி கேட்பாள்.

"நம்மகிட்ட கடலே இருக்குதே."

"அது இங்கதானே இருக்கு?"

ஊர் உலகத்திலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்துப் பார்க்க வருகிற கடல், எங்கள் பிள்ளைகளுக்குக் கொல்லைப்புறக் குழாய் மாதிரி. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, வயிறு நிறைந்திருந்த தைரியத்தில், மே மாதம் கொடைக்கானல் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாளே ரூபி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பள்ளி திறந்ததும் வகுப்பு முழுக்கச் சொன்னாள். டீச்சரிடம் படகு எந்தக் கலர் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். இனி நான் பின்வாங்கினால் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முகம் இருக்காது.

முப்பத்தொரு அம்சத் திட்டம்

எங்கள் பிரிவில் ஒத்திகை பார்க்காமல் ஒரு வாளியைக்கூட நகர்த்த மாட்டோம். சங்கு ஊதும், ஓடுவோம், ஒருவர் மயங்கி விழுந்ததாக நடிப்பார், இன்னொருவர் தூக்குவார். ஓரமாகப் பார்வையாளர் என்று ஒருவர் நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு நின்று, எங்கள் லட்சணத்தை எழுதுவார். பத்து வருஷம் இப்படி வாழ்ந்தவனுக்குச் சுற்றுலா என்றாலும் முதலில் ஒத்திகைதான் தோன்றும். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது இயற்கையாகத்தான் இருந்தது.

கார்பன் வைத்து டைப் அடித்தேன். முப்பத்தொரு அம்சம். வரிசை எண், செயல், பொறுப்பு என்று மூன்று பத்தி. எஸ்தர் அதை வாங்கிப் படித்தாள். அவள் திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூட டீச்சர். எதையும் திருத்துகிற கண்ணோடுதான் படிப்பாள்.

"பொறுப்புல என் பேரு இருவத்திரண்டு எடத்துல கீது. உன் பேரு எங்க கீது?"

"நான் ஒருங்கிணைப்பாளர்."

"அப்பிடின்னா?"

"விசில் ஊதறது."

அவள் பட்டியலை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள். "எது வேணா பண்ணு. ஒரே ஒரு வேளை, வேற எவனாச்சும் எனுக்கு டீ போட்டுக் குடுக்கணும். அதை எத்தினாவது நம்பர்ல போட்டுக்கீற?"

அது பட்டியலில் இல்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை, ஒத்திகை என்று தீர்மானமாயிற்று. கொடைக்கானலாக நடிக்க வேண்டிய ஊர் மாமல்லபுரம். ஆனால் அது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணிகூட இல்லை. பயணக் களைப்பு வராதே! அதனால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போவது, அங்கே மதுரைப் பக்கம் போகும் பகல் ரயிலில் ஏறுவது போல் ஏறாமல் இருப்பது, பிறகு பஸ் பிடித்து மாமல்லபுரம் வருவது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற திட்டம்தான். ஆனால் டைப் அடித்த பிறகு அது கம்பீரமாக இருந்தது.

ஸ்வெட்டர்கள் மாடி வீட்டு லட்சுமி அக்கா கொடுத்தவை. அவர் நெல்லைக்காரர். "வெந்நீர்ல முக்கிராதீய, சுருங்கிரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கடல் நீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

சாவிப் பலகை

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு அம்சத்தில் முப்பது வெறும் ஜோடனை. எனக்கு ஒத்திகை தேவைப்பட்டது ஒன்றுக்குத்தான். பதினான்காவது அம்சம்: லாட்ஜில் அறை எடுத்தல். பொறுப்பு: நான்.

என் நைனா திருப்போரூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவர் பஸ் ஏறியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் தம்பியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. பட்டணத்தில் அத்தை செத்ததற்குப் போனது. வேண்டுதலுக்கு வேளாங்கண்ணி போனது. காரணம் இல்லாமல் பஸ் ஏறியவர் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. லீவு என்றால் எங்களுக்கு வேலை கிடைக்காத நாள். அந்தக் காலத்தில் மனிதர்கள் இருந்த இடத்திலேயே நிம்மதியாக இருந்தார்கள் என்று யாராவது எழுதினால் எனக்கு உச்சந்தலையில் ஏறும். நிம்மதி இல்லை ஐயா, பஸ்ஸுக்குக் காசு இல்லை.

பத்தொன்பது வயதில் வேலைக்கான பரீட்சை எழுதப் பட்டணம் போனேன். ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். மேஜையில் இருந்தவர், "எந்த ஊரு?" என்றார்.

"திருப்போரூர் பக்கம்."

"ஊருலயா, காலனியிலயா?"

உண்மையைச் சொன்னேன். அவர் பின்னால் திரும்பிப் பலகையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "ரூம் காலி இல்லப்பா" என்றார். அந்தப் பலகையில் ஏழு சாவி தொங்கியது. எண்ணினேன்.

அன்று எங்கே தங்கினேன் என்பது இந்த அத்தியாயத்துக்கு வேண்டாம். பரீட்சையில் பாஸானேன், வேலையும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த லாட்ஜ் வாசலிலும் நான் ஏறவில்லை. ஆபீஸ் வேலையாக வெளியூர் போனால் ஆபீஸ் விருந்தினர் விடுதி. சொந்த வேலை என்றால் அன்றே திரும்பிவிடுவேன். எந்தக் கட்டடத்திலாவது சாவிப் பலகையைப் பார்த்தால் என் கண் தானாக எண்ண ஆரம்பித்துவிடும்.

கொடைக்கானல் போய், என் இரண்டு பிள்ளைகளுக்கு எதிரில், அந்த மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். அதுதான் எனக்கு மலையைவிட உயரமாகத் தெரிந்தது. எஸ்தரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

செங்கல்பட்டில் ரயிலை விட்டோம்

திருக்கழுக்குன்றம் வரை ஒத்திகை ஒழுங்காகவே நடந்தது. அங்கே மலையைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இப்ப மலைப்பாதை வளைவு. நான் விசில் ஊதினா எல்லாரும் ஒரு பக்கமா சாயணும்" என்று சொல்லி ஊதினேன். பஸ் நின்றுவிட்டது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "யோவ், விசில் ஊதறது யாரு வேல? நீ ஊது, நான் எறங்கி வூட்டுக்குப் போறேன்."

இரண்டு பிள்ளைகளும் இன்னும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தார்கள். விசிலை எஸ்தர் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். டேவிட் நோட்டில் எழுதினான். அவன்தான் பார்வையாளர்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் நான்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, கொளவாய் ஏரிக் காற்றில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். எங்களிடம் இரண்டு சுமை. துணிமணி, துண்டு எல்லாம் இருந்த சிவப்பு சூட்கேஸ். கம்பளி சமாசாரங்கள் இருந்த ஏர் பேக். சூட்கேஸின் மேல் நானே லேபிள் ஒட்டியிருந்தேன்: என் பெயர், முகவரி, சேருமிடம் கொடை ரோடு.

ரயில் வந்தது. டேவிட் கடிகாரத்தைப் பார்த்தான். நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் எஸ்தர், ஏர் பேக், ரூபி. பெட்டியின் வாசலை எட்டிவிட்டோம். ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட். அருமையான நேரம்! அந்தப் பெருமையில் நான் ஒரு கணம் நின்றுவிட்டேன்.

வாசலில் ஒரு மதுரைக்காரர் நின்றிருந்தார். கட்டுமஸ்தான உடம்பு, தங்கமான மனசு. "ஏறுங்க சார், ஏறுங்க, எடுத்துருவான்" என்று என் கையிலிருந்த சூட்கேஸைப் பிடுங்கி உள்ளே தள்ளிவிட்டார்.

"அய்யோ, நாங்க வர்ல!"

"என்னது?"

"ஒத்திக சார்! இது ஒத்திக!"

ரயில் நகர்ந்தது. அவர் ரூபியைத் தூக்கக் கையை நீட்டினார். நான் ரூபியைப் பின்னால் இழுத்தேன். அவருடைய முகத்தில் வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. "என்ன மனுசன்யா நீ! பெட்டியை மட்டும் ஏத்திவிட்டுப் பிள்ளைகளை ஏத்தமாட்டேங்குற!" என்று கத்திக்கொண்டே போனார். ரூபி அழுதுகொண்டே கையை ஆட்டினாள், அவருக்கா சூட்கேஸுக்கா என்று தெரியவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெட்டி எந்த ஊருக்கு சார் போகுது?" என்றார்.

"கொடை ரோடு."

"நீங்க?"

"மாமல்லபுரம்."

அவர் எங்களை நன்றாகப் பார்த்துவிட்டு, முகவரி எழுதி வாங்கிக்கொண்டார். டேவிட்டின் குறிப்பு இப்படி இருந்தது: "பெட்டி ஏறியது. நாம் ஏறவில்லை."

எஸ்தர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏர் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மாமல்லபுரம் பஸ்ஸு எங்க நிக்குதுன்னு கேளு" என்றாள். "வூட்டுக்குப் போனா நான்தான் சமைக்கணும்."

கடல் இங்கேயும் இருக்கிறது

மாமல்லபுரத்தில் இறங்கியதும் பட்டியல்படி லாட்ஜுக்குப் போக வேண்டும். "மொதல்ல பீச்சு. பதினாலையும் இருவதையும் மாத்திக்கலாம்" என்றேன். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் நடந்தாள்.

எங்கள் டவுன்ஷிப்பில் ஓடுகிற அதே கடல்தான். ஆனால் அங்கே எஸ்தர் கரையில் நிற்கும்போது செருப்பு கையிலும் மனசு குக்கரிலும் இருக்கும். இங்கே குக்கர் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மிளகாய்த் தூள் தூவிய மாங்காய்க் கீற்றை வாங்கிக்கொண்டு நால்வரும் ஈர மணலில் வரிசையாக உட்கார்ந்தோம். ரூபி குதிரை மேல் ஒரு சுற்று போய்வந்தாள். பலூன் சுடுகிற கடையில் டேவிட் ஐந்து முறை சுட்டு, பலகையை மட்டும் சரியாகச் சுட்டான்.

அப்புறம் ஒரு அலை வந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. நாங்கள்தான் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நால்வரையும் கழுத்து வரை நனைத்துவிட்டு மாங்காயை எடுத்துக்கொண்டு போயிற்று.

எஸ்தர் எழுந்திருக்கவில்லை. கடலுக்குள் உட்கார்ந்தபடியே சிரித்தாள். பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து அவள் மேல் விழுந்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் எவ்வளவு நாளை வீணடித்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

மாற்றுத் துணி ரயிலில் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளையாக ஏர் பேக்கைப் பாசிமணி விற்கும் அம்மாவிடம் விட்டுவைத்திருந்தோம். அதில் காய்ந்திருந்தது கம்பளி மட்டும்தான். அந்த அம்மா பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட உதவி செய்தார். "இந்த வெயில்ல எனக்கே அனலா கீது, இதுங்க இன்னா பாவம் பண்ணிச்சிங்களோ" என்றார். அவரிடம் சோழி கோத்த சாவிக்கொத்து எட்டு வாங்கினோம்.

இப்படித்தான், வாழ்நாளில் எந்த மேஜைக்கு முன்னால் கௌரவமாகப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேனோ, அந்த மேஜைக்குக் குரங்குக் குல்லாவோடு, பேன்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்துகொண்டிருந்தேன். உளிகள் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

பதினொரு சாவி

லாட்ஜ் மேஜையில் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தணிகாசலம். நிமிர்ந்தார். ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எந்த ஊரு சார்?"

என் கண் அதற்குள் அவர் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. பச்சை பெயின்ட் அடித்த பலகை. வரிசையாகச் சாவிகள்.

"கல்பாக்கம்" என்றேன்.

"தோ, இங்க கீற கல்பாக்கமா?"

"ஆமா."

"லோக்கல் ஆளுங்களுக்கு ரூம் குடுக்கறது இல்ல சார். மொதலாளி ஸ்ட்ரிக்டா சொல்லிக்கீறாரு. பக்கத்துல வூட்ட வெச்சிகினு எவனாச்சும் ரூம் எடுப்பானா? எடுத்தா அதுல இன்னாமோ வில்லங்கம் கீது."

அவர் சொன்னது நியாயமான பேச்சுதான். அவர் காலனியா என்று கேட்கவில்லை. தூரம் பற்றிய சட்டம்தான் சொன்னார். இதெல்லாம் என் மூளைக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. எனக்கு மறுபடியும் பத்தொன்பது வயது ஆகிவிட்டது. அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "ரூம் காலி இல்லியாம்பா. வாங்க போலாம்."

அந்தப் பொய் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! ஒருவன் எனக்குச் சொன்ன அதே பொய்யை, அதே வார்த்தையில், நான் என் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டேவிட் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பா, பதினொரு சாவி தொங்குது."

அவனும் எண்ணியிருக்கிறான். பார்வையாளர் வேலைக்காகத்தான் எண்ணினான். ஆனாலும் இந்த எண்ணுகிற வியாதி அவனுக்கும் வந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

எஸ்தர் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவள் ஊரப்பாக்கத்துக்காரி, மின்சார ரயிலில் இடம் பிடித்து வளர்ந்தவள்.

"இன்னாண்ணா, பதினோரு சாவிய மாட்டி வெச்சி அழகு பாத்துகினு கீறீங்களா? புள்ளைங்க நனைஞ்சிகினு நிக்குதுங்க. எங்க பெட்டி ரயில்ல கொடைக்கானல் போய்க்கினு கீது. இந்த மனுஷன் ஒத்திக பாக்கறேன்னு காலைலேந்து எங்கள ஜில்லா பூரா சுத்த வெச்சிட்டாரு. அந்த லிஸ்ட்ல பதினாலாவது நம்பரு நீங்கதான். இன்னிக்கி நீங்க தொரத்தினா, இவுரு ஜென்மத்துக்கும் இன்னொரு லாட்ஜு படி ஏற மாட்டாரு."

நான் அவளைப் பார்த்தேன். அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிஸ்ட்டா? இன்னா லிஸ்ட்டு?" என்றார் தணிகாசலம்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கார்பன் மை கரைந்து ஊதாவாகியிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றாம் அம்சத்திலிருந்து படித்தார். எட்டில் உதடு துடித்தது. பதினேழை வாய்விட்டே படித்தார். "மலைப்பாதையில் வாந்தி. பொறுப்பு எஸ்தர்." அவ்வளவுதான். மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மா பெரிய லிஸ்ட்டு போட்டுகீற சார். முக்கியமானத வுட்டுட்டியே" என்று பேனாவை எடுத்து, முப்பத்தொன்றுக்குக் கீழே அவரே எழுதினார்: "32. மூட்டைப்பூச்சி."

பிறகு பலகைப் பக்கம் திரும்பினார். ஒரு சாவியைக் கழற்றினார். "மொதலாளி கேட்டா கொடைக்கானல் பார்ட்டின்னு சொல்லிக்கிறேன். ஸ்வெட்டர் சாட்சி."

வந்த காரணம்

பெரிய நீளப் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம்: வந்த காரணம். அதில் பேனா நின்றுவிட்டது.

எனக்கு மேலே வந்தவர்கள் எழுதியிருந்தார்கள். சிலை வாங்க. கல்யாணம். ஆபீஸ் வேலை. கோயில். கல்யாணம். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் "ஒத்திகை" என்று எழுதப் போனேன்.

தணிகாசலம் என் கையைப் பிடித்தார். "சார், சார். கல்பாக்கம்னு போட்டு, பக்கத்துல ஒத்திகன்னு போட்டா, போலீஸ்காரரு வந்து இன்னா ஒத்திகன்னு கேப்பாரு. எனுக்குத்தான் பேஜாரு."

"அப்ப இன்னா போடறது?"

ரூபி மேஜை விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா வந்தோம்னு போடுப்பா" என்றாள்.

ஆஸ்பத்திரி, சாவு, வேண்டுதல் என்று பஸ் ஏறிய நைனாவை நினைத்துக்கொண்டேன். "சும்மா" என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தையை அப்படி ஒரு கட்டத்தில் எழுதிய முதல் ஆள் நான்.

அறையில் மின்விசிறி கடகடத்தது. ஈரத் துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டோம். தணிகாசலம் எதிர்க் கடையிலிருந்து பிளாஸ்கில் டீ வாங்கிவந்து அவரே ஊற்றிக் கொடுத்தார். எஸ்தர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாகக் குடித்தாள். மூட்டைப்பூச்சி இருந்தது. மனுஷன் பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பிரிவில் நிஜமான ஒத்திகை ஒன்று வந்து என் லீவு ரத்தாயிற்று. கொடைக்கானல் போகவில்லை. சூட்கேஸ் மட்டும் போயிற்று. அந்த மதுரைக்காரர் லேபிளைப் படித்து, அதைக் கொடை ரோடு ஸ்டேஷனில் பத்திரமாக ஒப்படைத்திருந்தார். பத்து நாள் கழித்து, எங்களைவிட நன்றாக ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது.

ரூபி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சாவிக்கொத்துகளைப் படிக்கட்டு முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். லட்சுமி அக்கா சோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொடைக்கானல்ல கடல் எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார். பிறகு ஸ்வெட்டரை மோந்து பார்த்தார். அந்த விசாரணை தனிக் கதை. ஆனால் அந்த ஜூன் மாதம் நாங்கள் கொடுக்கிற வீடாக இருந்தோம்.

பல வருஷம் கழித்து, ரூபி கல்லூரிக்குப் போன பிறகு, ஒருவழியாகக் கொடைக்கானல் போனோம். பட்டியல் இல்லை, விசில் இல்லை. லாட்ஜ் மேஜையில் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்கள். நான் பேனாவுக்குக் கை நீட்டுவதற்குள் ரூபி எடுத்துவிட்டாள். கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டே மளமளவென்று எழுதினாள். வந்த காரணம் என்ற கட்டத்தில் யோசிக்கக்கூட இல்லை. "சும்மா" என்று எழுதிவிட்டு, பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினாள். மேஜைக்காரர் சாவியை அந்தக் கையில் வைத்தார்.

நாங்கள் அவளுக்குப் பின்னால் மாடி ஏறினோம். பாதிப் படியில்தான் எனக்கு அது தோன்றியது. நான் பலகையைப் பார்க்கவே இல்லை. அங்கே எத்தனை சாவி தொங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.